மூணாவது கம்பி

ஃபேனை நிறுத்தியாயிற்று. வேறு வழி? காற்று பட்டால் கம்பி அலையும், அலைந்தால் அறும், அறுந்தால் சாயங்காலம் லால்குடித் திருவிழாவுக்கு வேன் கிளம்பும்போது இமாகுலேட் மாடியில் நின்று டாட்டா காட்ட வேண்டியதுதான், அண்ணன் அதற்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறான், காத்திருக்கட்டும், நல்லா காத்திருக்கட்டும். மாடியில் தகரக் கூரை. கூரைக்கு மேலே பொன்மலை வெயில், கீழே இவள், நடுவில் ஒன்றுமில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஒரு துண்டு பிளானல் துணி, அதற்குள் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது செப்புக் கம்பி, தலைமுடியைவிட மெல்லிசு, வெளிச்சம் பட்டால்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும். காலடியில் தையல் மெஷின் மோட்டார். மேஜை மேல் விரல் நீளத்துக்கு ஒரு சட்டம் விர்ரென்று சுற்றுகிறது, அதில் வரிசையாக ஆறு காந்தக் குச்சிகள், கிட்டாரின் ஆறு கம்பிக்கும் ஆளுக்கு ஒன்று. குச்சிகளைச் சுற்றி இந்தச் செப்பு ஆயிரக்கணக்கில் ஏற வேண்டும், பழைய கால்குலேட்டர் ஒன்றை ஒயர் வைத்துக் கட்டிவிட்டிருக்கிறாள், அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டு வருகிறது. சுற்றி முடித்து உள்ளே பொருத்தினால் இதுதான் பிக்கப், கிட்டாரோட காது. மேலே கம்பி அதிர்ந்தால் அதைக் கேட்டு கரண்டாக்கி, சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்புக்கு அனுப்பும். இது இல்லாவிட்டால் கரண்ட் கிட்டார் வெறும் பலகை, துணி துவைக்கக்கூட ஆகாது. நேற்று ஒத்திகை வரைக்கும் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த காதை டோமினிக் அண்ணன் ஒரே அமுக்கில் செவிடாக்கிவிட்டான். "மூணாவது கம்பி கத்துது இம்மா, அடக்கி வாசின்னா கேக்க மாட்டேங்கிற" என்றவன், அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, கட்டைவிரலை வைத்து அந்த மூணாவது குச்சியை ஒரு அமுக்கு. அது திருகாணி இல்லையே மகராசா! திருகினால் இறங்குகிற வகை வேறு உண்டு. இதில் செப்பு நேராகக் காந்தத்தின் மேலேயே சுற்றியிருக்கும், குச்சி ஒரு நூல் நகர்ந்தாலும் உள்ளே முதல் சுற்றை உரசி அறுத்துவிடும், எல்லாம் ஒரே செப்புக் கம்பிதானே, எங்கே அறுந்தால் என்ன. ஒன்றை அடக்கப் போய் ஆறும் ஊமை. "என்னடி, சத்தமே வரலை?" என்று அதற்கப்புறம் இவளையே கேட்டான் பாருங்கள், அதுதான் டோமினிக்.

குழு அவனுடையது. இன்னிசைக் குழு, பேனரில் அவன் படம் மட்டும் பெரிசு. "விடு இம்மா, ரோஷன் கீபோர்டுலயே கிட்டார் சவுண்டு இருக்கு, அவன் பாத்துப்பான், நீ கோரஸ்ல நில்லு, இல்லாட்டி வீட்ல ரெஸ்ட் எடு." ரெஸ்ட்டாம் ரெஸ்ட். யார் கேட்டது? ஒரு கச்சேரி கீபோர்டில் ஓடிவிட்டால் அடுத்ததும் ஓடும், அதற்கடுத்ததில் கிட்டார் வைக்க வேனில் இடமில்லை என்பான், அப்புறம் கிட்டார் எதற்கு என்பான், அவ்வளவுதான், கதை முடிந்தது, கிட்டார் பையில் பழைய துணி போட்டு வைக்கலாம். வேன் வருவதற்குள் ரெடியானால் ஏறிக்கொள் என்றும் சொன்னான், பெரிய மனசு, ஆனால் மூணாவதை அடக்கிட்டுத்தான் ஏறணும். விரல் லேசாக இறுகியதும் கம்பி சிணுங்குகிறது, தளர்த்து, தளர்த்து, கோபத்தை விரலுக்கு விடாதே. இதில் தொண்டையில் முள்ளாக நிற்பது என்னவென்றால் அவன் சொன்னது பொய்யில்லை. மூணாவது கத்தத்தான் செய்கிறது. அவளுக்குத் தெரியாதா? அவன் பிடிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே அவள் காது பிடித்துவிட்டது. இந்தப் பிக்கப்பின் அமைப்பு பழசு. இதை முதலில் வரைந்த வெளிநாட்டுக்காரன் காலத்தில் தடிக் கம்பிகளைப் போல மூணாவது கிட்டார் கம்பிக்கும் மேலே மெல்லிய கம்பி ஒரு சுற்று போட்டிருக்கும், மந்தமாகப் பேசும், அதனால் அதன் குச்சியை உயர்த்தி வைத்தான், பாவம், நல்ல எண்ணம்தான். பிறகு சுற்று இல்லாத வெறும் எஃகுக்கு எல்லாரும் மாறிக்கொண்டார்கள். கம்பி மாறிற்று, குச்சி மாறவில்லை. வெறும் எஃகு, அதிலும் தடி, போதாததற்குக் காந்தம் பக்கத்திலேயே வந்து நிற்கிறது, கத்தாமல் என்ன பண்ணும்? அதன் குணமா அது, இல்லை வைத்த இடமா? குணமா, வைத்த இடமா. மோட்டார் சத்தத்தோடு சேர்ந்து அதுவே மண்டைக்குள் சுற்றுகிறது, குணமா, இடமா, குணமா, இடமா.

அடக்கி வாசி. இந்த ரெண்டு சொல்லை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறாள் என்று அந்தக் கால்குலேட்டரில் எண்ண விட்டிருக்கலாம். பூசையில் சாமியார், "அடக்கி வாசிம்மா, ஜெபிக்கிறவங்களுக்கு இடைஞ்சலா இருக்கு." அம்மா உயிரோடு இருந்தவரை பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அடக்கி வாசிடி." பெண் பார்க்க வந்த புதுக்கோட்டைக்காரர்கள் பாடுவியாம்மா என்று கேட்டபோது, பாட மாட்டேன், கரண்ட் கிட்டார் வாசிப்பேன் என்றதும் அந்த மாப்பிள்ளையின் அத்தை கரண்டா என்று நெஞ்சில் கை வைத்த வைப்பு, அட, ஷாக்கா அடித்தது! அன்றைக்கும் டோமினிக் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்சம் அடக்கி வாசிச்சிருக்கலாம்ல?" வாசிக்கவே இல்லையே, வாயைத்தானே திறந்தாள். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் பில் போட உட்கார்ந்து, பில்லை விட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்து காயில் கட்டவே இறங்கியபோது கடைக்காரர் ஒருத்தர்தான் அடக்கி வாசி என்று சொல்லவில்லை, அவருக்குக் காது கேட்காது. சிரிப்பு வருகிறது. சிரிக்காதே, விரல் ஆடும். வியர்வை புருவத்தில் தொங்குகிறது, துடைக்கக் கை இல்லை, ஒரு கை கம்பியோடு, ஒரு கை சட்டத்தோடு, விழு, கன்னத்தில் விழு, செப்பின் மேல் மட்டும் விழுந்துவிடாதே. கால்குலேட்டரில் பாதி தாண்டியாகிவிட்டது. கம்பி விடுகிற மரச் சுருளில் செப்பு இளைத்துக்கொண்டே வருகிறது, இதற்குப் போதும், இன்னொரு தடவைக்குப் போதுமோ போதாதோ, மாதாவே, இன்னொரு தடவை வேண்டாம். ஆனால் சட்டம் சுற்றச் சுற்ற ஒரு இடத்தை மட்டும் பார்க்காமல் இருக்கக் கண் பழகிவிட்டது. மூணாவது குச்சி. காலையில் பழைய செப்பையெல்லாம் உரித்துப் போட்டு சட்டம் வெறுமையாக இருந்தது, குச்சியை ஏற்றுவதோ இறக்குவதோ அப்போது மட்டும்தான் முடியும், சுற்ற ஆரம்பித்தால் முடிந்தது. அப்போது அவள் ஒரு மரக்கட்டையை வைத்து மூணாவதை டொக் டொக்கென்று தட்டி இறக்கினாள். அண்ணன் இல்லை, சாமியார் இல்லை, யாரும் நிற்கவில்லை. அவளேதான். இறக்கிவிட்டு ஊதிக்கூடப் பார்த்தாள், சரியாக இருக்கிறதா என்று. நீயாடி இறக்கின, இமாகுலேட்? அவன் நேற்றுக் கட்டைவிரலால் செய்ததை இன்றைக்கு நீ கட்டையால் செய்தாய், அவனுக்கு விவரம் தெரியாது, உனக்கு எல்லாம் தெரிந்தும் செய்தாய், எதற்கு, வேனில் ஒரு சீட்டுக்கா, என்று கேட்டதும் விரல் இறுகிற்று, டிக் என்று சத்தமே இல்லாத ஒரு சத்தம், துணிக்குள் ஓட்டம் நின்றது. ஐயோ!

மாடிப்படியில் கொலுசு. ஜெசிந்தா அண்ணி, டோமினிக்கின் மனைவி, கையில் காபி டம்ளரோடு வாசலில் நிற்கிறாள், உள்ளே வரலாமா என்று கண்ணால் கேட்கிறாள், அவள் எதையும் கண்ணால்தான் கேட்பாள். "அறுந்துருச்சா இம்மா?" அறுந்துவிட்டது அண்ணி. பாதிக்கு மேல் ஏறியபிறகு. ஒட்டலாம், ரெண்டு நுனியையும் சேர்த்துத் துளி ஈயம் வைத்தால் ஓடும், கடையில் எத்தனை மோட்டாருக்குச் செய்திருக்கிறாள், கொஞ்ச நேர வேலை, மிச்சத்தைச் சுற்றிவிட்டால் வேனுக்கு முன்னால் முடிந்துவிடும். மூணாவது இறங்கியே இருக்கும். இருக்கட்டுமே. யாருக்குத் தெரியப்போகிறது? அண்ணி டம்ளரை வைத்துவிட்டுச் சட்டத்தின் பக்கம் குனிந்தாள், கொண்டையில் மல்லிகை வாசனை, இந்தச் சூட்டில் அது ஒன்றுதான் குளிர்ச்சி. "இது என்ன, ஒண்ணு மட்டும் குழிக்குள்ள கெடக்கு?" மூணாவதைக் கேட்கிறாள் என்று நினைத்து இவள் முகம் சூடாயிற்று, ஆனால் அண்ணியின் விரல் அதற்கு அடுத்த குச்சியைக் காட்டிற்று. அது ரெண்டாவது கம்பியோடது அண்ணி. "அது ஏன் இவ்வளவு குட்டை?" மொதல்லேருந்தே அப்படித்தான், பிக்கப் வந்தப்பவே. "அப்ப அது கம்மியாத்தானே கேக்கும்?" ஆமா, கம்மியாத்தான் கேக்கும். "யாரும் ஒண்ணும் சொன்னதில்லையா?" இந்த மூணாவதுக்கு எத்தனை பஞ்சாயத்து! சாமியார் சொன்னார், அண்ணன் சொன்னான், ஆம்ப் தூக்குகிறவன்கூடச் சொன்னான். ரெண்டாவது கேட்கவில்லை என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், இத்தனை வருஷத்தில்? ஏன், அவளே சொன்னாளா? ரெண்டாவதில் ராகம் வரும்போதெல்லாம் விரலை இன்னும் அழுத்தி இன்னும் ஓங்கி மீட்டி எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டு வந்தாளே தவிர, அந்தக் குச்சியை ஏன் குட்டையாக வைத்தான் என்று கேட்டாளா? கத்துகிறதைப் பற்றித்தான் ஊர் பேசும். கேட்காததைப் பற்றி யார் வந்து பேசப் போகிறார்கள், அதுதான் கேட்கவே இல்லையே.

அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள், அப்புறம் பார்க்க முடியவில்லை. இந்த ஜெசிந்தா கல்யாணத்துக்கு முன்னால் மரியன்னை பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கினவள். மெயின் பாட்டு பாடத்தான் டோமினிக் கட்டிக்கொண்டு வந்தான், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு. இப்போது கோரஸ். மேடையில் மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸருக்குப் பக்கத்தில்தான் இமாகுலேட் நிற்பாள், பார்த்துக்கொண்டேதான் நிற்பாள், அண்ணியின் மைக்குக்கு உண்டான பட்டனை டோமினிக் முதல் பாட்டுக்கே கீழே இழுத்துவிடுவான், கடைசிப் பாட்டு வரை அது அங்கேயே கிடக்கும். அண்ணி பாடிக்கொண்டிருப்பாள். வாய் அசையும், கழுத்து நரம்பு புடைக்கும், பக்கத்தில் நிற்கிற இவளுக்கு மட்டும் கேட்கும். எவ்வளவு நல்ல குரல் என்று இவளுக்கு மட்டும் தெரியும். ஒரு நாளாவது கையை நீட்டி அந்தப் பட்டனை மேலே தள்ளினாயாடி? உன் சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் மட்டும் உனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். கோபம் கோபமாக வந்தது, அண்ணன் மேலா தன் மேலா தெரியவில்லை, எடுத்தாள் பிளேடை, பாதிக்கு மேல் சுற்றியிருந்த செப்பில் குறுக்காக ஒரு கீறல், மொத்தமும் கொத்தாக உரிந்து விழுந்தது. "ஐயையோ, என்ன இம்மா பண்ற, வேன் வந்துருமே!" வரட்டும். இறக்கினால்தான் சமமா, ஏற்றினால் சமம் ஆகாதா? யார் சொன்னது? மூணாவதைக் கீழிருந்து தட்டிப் பழைய உயரத்துக்கே ஏற்றினாள், நில்லு, அங்கேயே நில்லு. ரெண்டாவதின் குட்டைக் குச்சியை உருவிப் போட்டாள். டப்பாவில் எப்போதோ செத்த பிக்கப் ஒன்று கிடந்தது, அதிலிருந்து ஒரு நெட்டைக் குச்சி, பக்கத்துக் குச்சியிடம் கொண்டுபோனதும் தள்ளுகிறது, ஒரே பக்கம் பார்க்கிற காந்தங்கள் ஒன்றையொன்று தள்ளத்தான் செய்யும், அதுதான் சரியான பக்கம், தள்ளிக்கொண்டே பக்கத்தில் நில்லுங்கள். மற்ற நாலையும் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றினாள். சுருளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். போதுமா? போதும். போதாவிட்டால்? போதாவிட்டால் பார்த்துக்கலாம். "அண்ணி, ஒரு உதவி. கோவிலுக்கு வாங்கி வெச்ச மெழுகுவத்தி இருக்குல்ல, ரெண்டு எடுத்து, சுடுதண்ணிக்குள்ள டப்பா வெச்சு உருக்கணும். சுத்தி முடிச்சதும் இதை மெழுகுல முக்கி எடுக்கணும், இல்லாட்டி மேடையில கீச்சுன்னு கத்தும்." அண்ணி வாசல்வரை போய்த் திரும்பினாள். "அவர் கேட்டா?" நான் சொல்லிக்கிறேன். அண்ணி போய்விட்டாள். படியிறங்கும் கொலுசு வந்ததைவிட வேகமாகப் போயிற்று.

மறுபடி மோட்டார், மறுபடி துணிக்குள் அந்த இருந்தும் இல்லாத ஓட்டம். இப்போது விரல் இறுகவில்லை. பயம் போய்விட்டதா என்றால் அதெல்லாம் இல்லை, சுருளின் அடி மரம் தெரியத் தெரியக் கண் அங்கேயேதான் போகிறது. காந்தம் ரொம்பக் கிட்டே போனால் கம்பியைப் பிடித்து இழுக்கும், சுருதி ஆடும், ரெண்டாவதை அவ்வளவு ஏற்றியிருக்கக் கூடாதோ? ஏற்றியாயிற்று. ஆறும் சமமாகி ஆறும் கத்தினால் ஆம்ப்பில் மொத்தத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும், எல்லாரும் சேர்ந்து குறைந்தால் அது வேறு விஷயம், அதில் அவளுக்கு வருத்தமே இல்லை. ஒருத்தி மட்டும் என்றால்தான் வருத்தம். லால்குடியில் தேர் திரும்புகிற மூலையில்தான் மேடை போடுவார்கள், போன வருஷம் தேர் வந்து நின்றபோது இவள் ஒரு நீண்ட மீட்டல் விட்டாள், தேர் தூக்குகிறவர்களில் ஒருத்தன் தலையை நிமிர்த்திச் சிரித்தான், தோளில் அவ்வளவு பாரம், சிரித்தான். அந்தச் சிரிப்பை ரோஷனின் கீபோர்டு வாங்கிவிடுமா? வாங்கட்டும் பார்க்கலாம். அண்ணன் கெட்டவனா? இல்லை, சனியன், அதுவும் இல்லை. அம்மா போனபோது சாப்பிடாமல் கிடந்தவளுக்கு ஊட்டிவிட்டவன் அவன்தான். இந்தக் கிட்டாரை வாங்கிக் கொடுத்ததே அவன்தான். வாங்கிக் கொடுத்தவனுக்கு அது ஊருக்குக் கேட்டுவிடுமோ என்று பயம் வந்துவிட்டது, அதற்கு இவள் என்ன செய்ய? குணமா, இடமா. எதுவாயிருந்தால் என்ன, இடத்தை மாற்ற முடியும், மாற்றியாயிற்று. கால்குலேட்டர் வேண்டிய எண்ணுக்கு வந்தபோது சுருளில் மிஞ்சியது முழ நீளம்கூட இருக்காது. காலை எடுத்தாள். மோட்டார் நின்றதும் தெருவே நின்றுபோனதுபோல் இருந்தது.

மெழுகில் முக்கி, குமிழ் அடங்கும்வரை காத்திருந்து, துடைத்து, ஒயர் பற்றவைத்து, பலகைக்குள் பொருத்திக் கம்பி மாட்டும்போதே கீழே ஹாரன். ஒரு தடவை இல்லை, விடாமல். படியில் டோமினிக்கின் செருப்பு. ஜரிகைக் கோட்டு, வியர்வை, கையில் கார்ச்சாவிபோல் மைக்கைச் சுழற்றிக்கொண்டு. "என்னம்மா, முடிஞ்சுதா இல்லையா? ரோஷன் கீபோர்டை ஏத்திட்டான்." ஒயரை ஆம்ப்பில் செருகினாள். தடிக் கம்பியிலிருந்து ஆரம்பித்தாள், ஆறாவது, அஞ்சாவது, நாலாவது, ஒவ்வொன்றாக, அவசரப்படாமல். மூணாவது வந்தது, அவன் முகத்தைச் சுளிக்கத் தயாரானான், சுளிக்க ஒன்றும் இல்லை. ரெண்டாவது. அது வந்தபோது அவளுக்கே முதுகு சிலிர்த்தது, இத்தனை வருஷமும் உள்ளுக்குள்ளேயே பாடிக்கொண்டிருந்த ஒரு குரல், தெளிவாக, முழுசாக. ஒண்ணாவது. ஆறும் ஒரே உயரத்தில் நின்றன. "அடடே! அப்படிப் போடு!" டோமினிக்கின் முகம் மலர்ந்துவிட்டது, நிஜமாகவே மலர்ந்தது, அவனுக்கும் காது உண்டு. "நான் அப்பவே சொன்னேன்ல, மூணாவதை அடக்குன்னு? அடக்கினதும் பாரு, எவ்வளவு அழகா இருக்கு. இதுக்குப் போயி நேத்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்ட. சரி, ஏறு வண்டியில."

ஏறிவிடலாம். அவ்வளவுதான் வேலை. தலையை ஆட்டிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஏறினால் ஜன்னலோர சீட்டு, லால்குடி, தேர், எல்லாம் உண்டு, அவன் சொன்னதைக் கேட்டாள் என்று அவன் நினைத்துக்கொள்வான், நினைத்துக்கொண்டால் என்ன, கிட்டாருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள் ஏற்கெனவே நிறைய ஆகிவிட்டன. "அடக்கலண்ணே," என்றாள். "என்னது?" "மூணாவது எங்க இருந்துச்சோ அங்கதான் இருக்கு. ஒரு நூல் இறக்கலை. கேக்காம கெடந்ததை எல்லாம் ஏத்திவிட்டேன், அவ்வளவுதான்." அவன் நம்பவில்லை. சிரித்தான், சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தான், மூணாவது குச்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது, பழக்க தோஷம், கட்டைவிரல் தானாக அதன் மேல் போயிற்று. "கையை எடுண்ணே." "இல்லம்மா, லேசா ஒரு—" "அமுக்கிப் பாரு. நேத்து மாதிரி ஆறும் போகும். அப்புறம் இன்னொரு தடவை சுத்த எங்கிட்டக் கம்பி இல்லை, சுத்தவும் மாட்டேன்." கட்டைவிரல் அங்கேயே நின்றது. அவள் அவன் கண்ணையே பார்த்தாள், பார்வையை எடுக்கவில்லை. "இன்னொண்ணு. இன்னைக்கு மிக்ஸர்ல அண்ணி மைக்கை நீ தொடக் கூடாது. அது எம் பக்கத்துல இருக்கு, நான் பாத்துக்கிறேன்." அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கீழே தெருவிலிருந்து, ஹாரனையும் தாண்டி, தகரக் கூரை அதிர ஒரு குரல் எழுந்தது: "இம்மா! வண்டி ஏறு! உன் கிட்டாருக்கு எடம் போட்டாச்சு! கீபோர்டை எறக்கிக் கால்மாட்டுல வைக்கச் சொல்லிட்டேன்!"

டோமினிக் விரலை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். "யாருடி அது, இப்படிக் கத்துறது?"

"உம் பொண்டாட்டிதாண்ணே," என்றாள் இமாகுலேட்.